தணிகாசலத்தின் பொத்தான்

ஜூலை 1, திங்கள்

பேட்டரிக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. இதுவரை இதில் எழுதியதெல்லாம் யார் வீட்டுக் காதுகுத்து, எந்தக் கோயில் திருவிழா, எத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும் என்பதுதான். மைக் செட் வைத்திருப்பவனுக்கு வேறென்ன எழுத இருக்கிறது? ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அடுத்தவர் பேச வழி செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு.

இன்று ஜெயபால் அண்ணன் வந்தார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர். எங்கள் கீழ்மாவடியில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் இருப்பதால் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடமே உண்டு. அதில் ஓர் அறையை ஒழித்து, இந்த ஊரிலிருந்து போய்த் திரும்பி வராத ஏழு பேரின் படங்களை மாட்டப்போகிறார்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு பொத்தான். அழுத்தினால் அவரவர் வீட்டு ஆட்கள் அவரைப் பற்றிப் பேசுவது கேட்கும். ஆகஸ்ட் பதினைந்து திறப்பு விழா. பேச்சைப் பதிவு செய்வது, ஒயர் இழுப்பது எல்லாம் என் பொறுப்பு.

வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஏழாவது பெயருக்கு வந்ததும் சீலிங் ஃபேனைப் பார்த்தார். தணிகாசலம். என் மனைவி அம்சவேணியின் முதல் கணவர். எங்கள் மகள் ஹேமாவைப் பெற்றவர். லடாக் பக்கம் பனிமலையில் இறந்துபோனபோது அவருக்கு இருபத்தேழு வயது. ஹேமா அப்போது கைக்குழந்தை. அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

"அதுக்கின்னாண்ணா, நம்ம வூடுதானே. அத்ததான் மொதல்ல முடிப்பேன்" என்றேன்.

சாயங்காலம் அம்சாவிடம் சொன்னேன். தன்னால் பேச முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். சரி, மற்ற ஆறையும் முதலில் முடிப்போம்.

ஜூலை 4, வியாழன்

முதல் பதிவு தையல்காரர் பச்சையப்பன் வீட்டில். படத்தில் இருப்பது அவருடைய அண்ணன். பதிவின்போது அங்கே நான், அவர், கட்டிப்போட்ட ஓர் ஆடு, அவ்வளவுதான். மைக்கைப் பார்த்ததும் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்று, "இந்த இனிய விழாவிற்கு வருகை தந்திருக்கும்" என்று ஆரம்பித்தார். வீரம் என்றார், தியாகம் என்றார், கடைசியில் நன்றியுரை வரைக்கும் வந்துவிட்டார். அண்ணன் குள்ளமா உயரமா, சாதுவா கோபக்காரரா, ஒன்றும் தெரியவில்லை. பெயரை மாற்றினால் ஏழு படத்துக்கும் அதையே போடலாம்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் மைக் என்றால் மேடை. இருபது வருஷத்துக்கு மேலாக நான்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, சனி

ஹேமா வந்திருக்கிறாள். சென்னையில் வங்கி வேலை, சனிக்கிழமை ஆனால் மூட்டையாக அழுக்குத் துணியோடு வந்து இறங்குவாள். பொத்தான் விஷயத்தைச் சொன்னதும் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அவளுக்கு நான் அப்பா. தணிகாசலம் 'அந்த அப்பா'. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், யாருக்கும் இதில் குழப்பமில்லை. ஆனால் இன்று அவள் கேட்டது கொஞ்சம் உறைத்தது.

"அந்த அப்பாவப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தாத்தா சொல்ற ஒம்போது பேர சுட்ட கததான்பா. அவரு எப்பிடி சிரிப்பாருன்னு கூடத் தெரியாது. அம்மா ஒரு தடவ பேசினா போதும். நீ கேட்டா பேசுவாங்க."

கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு குழாயில் கரகரப்பு என்று ஞாபகம் வந்து மாடிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று ஒரு விஷயம் கைக்கு அகப்பட்டது.

சம்பூரணம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபத்தொன்று யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். மைக்கைப் பார்த்ததும் அவரும் தொண்டையைச் செருமினார். பேச்சு ஆரம்பிக்குமுன் சத்த அளவு பார்க்க வேண்டுமே என்று, வழக்கம்போல "சும்மா ஏதாச்சும் பேசுக்கா, காலையில நாஷ்டா இன்னா?" என்றேன்.

களி என்றார். கேழ்வரகுக் களி. கணவருக்கும் களி என்றால் உயிர் என்றார். பட்டாளத்தில் மூன்று வேளையும் சப்பாத்தி தின்று நாக்குச் செத்துப்போய், லீவில் வந்தால் அண்டாவைக் காலி செய்வாராம். கடைசியாகத் திரும்பிப் போகும்போது பெல்ட் இடுப்புக்கு எட்டவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அக்காதான் கோணி ஊசியைக் காய்ச்சிப் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கிறார். "மூச்ச புடிய்யான்னு சொல்லி நானே மாட்டி உட்டேன்பா. தெருவே சிரிச்சிது" என்று சொல்லிச் சிரித்தவர், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, சரி, ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். முடிந்துவிட்டது அக்கா என்றேன். டெஸ்டிங்கிலேயே பதிவாகிவிட்டது, உனக்கு இஷ்டமில்லை என்றால் அழித்துவிடுகிறேன் என்று போட்டுக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு முழுவதையும் கேட்டார். இதையே வைத்துக்கொள், வேறு பேச்சு எதற்கு என்று சொல்லிவிட்டார்.

ஜூலை 12, வெள்ளி

பச்சையப்பனிடம் மறுபடி போனேன். ஒயர் கோளாறு என்று பொய் சொன்னேன். நாஷ்டா என்ன என்று கேட்டேன். இட்லியில் ஆரம்பித்தவர், அண்ணன் தன் பங்கு இட்லியையும் திருடித் தின்றுவிட்டுப் பழியை நாய்மேல் போட்ட கதைக்கு வந்தார். வீட்டில் நாயே கிடையாதாம். அண்ணன் உயரம், கோபக்காரர், இடது கைப் பழக்கம். எல்லாம் தெரிந்துவிட்டது. போட்டுக் காட்டியபோது மேடைப் பேச்சைத் தூக்கிப் போடச் சொல்லி அவரே கேட்டுக்கொண்டார்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. மூன்று அம்மன் கோயில், மூன்று இடத்திலும் குழாய், மூன்று இடத்திலும் கூழ். எழுத நேரமில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆறு பேர் வீட்டிலும் முடிந்தது. நாஷ்டா கேள்வி ஒரு வீட்டில் கூடத் தோற்கவில்லை. ஒருவர் தூக்கத்தில் இந்தி பேசுவாராம். ஒருவர் முதன்முதலில் வாங்கிவந்த கம்பளியை எருமைக்குப் போர்த்தினாராம். கேட்கக் கேட்க, இவர்களோடு ஒரே தெருவில் இருந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

ஏழாவது என்ன ஆயிற்று என்று ஹேமா கேட்டாள். ஆடி மாசம், தலைக்கு மேல் வேலை என்றேன். போன வாரம் மழை என்றாய், அதற்கு முந்தின வாரம் ஜெனரேட்டர் என்றாய் என்று விரல் விட்டுச் சொல்லிக் காட்டினாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண்ணிடம் சாக்கு சொல்வது கஷ்டம்.

அம்சா பேசாமல் இருப்பதில் எனக்கு நிம்மதி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இருபது வருஷமாக அவள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உள்ளே அவ்வளவு இருப்பதால்தான் வெளியே வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் பேசட்டுமே. எனக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 24, புதன்

சரி, அம்சா இல்லாவிட்டால் தணிகாசலத்தின் அப்பா இருக்கிறாரே என்று முனிரத்தினம் மாமா வீட்டுக்குப் போனேன். பின்தெருவில்தான். முறைப்படி பார்த்தால் அவர் எனக்கு என்ன வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. மருமகளை மகளாக்கி எனக்குக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான், ஆகையால் நான் மாமா என்கிறேன், அவர் மாப்ளே என்கிறார்.

அந்தக் கதையையும் எழுதிவிடுகிறேன். நான் வெளியூரிலிருந்து இங்கே வந்து கடை போட்ட புதிது, தணிகாசலத்தின் முதல் வருஷ நினைவு நாளுக்கு மைக் செட் நான்தான் கட்டினேன். தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே அந்தப் பக்கக் குழாயைத் திருப்பி ஏரியைப் பார்த்து வைத்தேன். அதை மாமா கவனித்திருக்கிறார். மூன்று வருஷம் கழித்து என் வீட்டுக்கு வந்து, குழாயைத் திருப்பி வைத்தது நீதானே என்று கேட்டுவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுத்தார்.

இன்று மைக் வைத்ததும் ஒன்பது பேரைச் சுட்ட கதையை முழங்கினார். கடைசித் தோட்டா தீரும்வரை மகன் நின்று சுட்டானாம். 'வாழ்க பாரதம்' வரைக்கும் விட்டுவிட்டு, அளவு சரியில்லை மாமா, சும்மா பேசுங்க, காலையில் நாஷ்டா என்ன என்றேன்.

டீயும் பொறை ரொட்டியும் என்றார். அப்புறம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கை நிறுத்தியிருக்க வேண்டும், கை போகவில்லை.

"டீக்குத்தான் போனான் மாப்ளே" என்றார்.

உடலோடு கூட வந்த சிப்பாய் சொன்னதாம். காவல் முடிந்து குளிரில் விறைத்து வருகிறவனுக்கு டீ வேண்டும், ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. கேன் கொஞ்சம் கீழே, கிடங்கில் இருந்தது. போக வேண்டியது வேறொருவன் முறை. தணிகாசலம் நான் போகிறேன் என்று போயிருக்கிறார். திரும்பி வரும்போது மலைப்பனி சரிந்துவிட்டது.

"நான் பட்டாளத்துல சமையக்காரன். மண்ணெண்ண நாத்தத்துலயே காலம் போச்சி. புள்ளயாச்சும் துப்பாக்கியோட நிக்கட்டும்னுதான் அனுப்புனேன். அவன் கேனத் தூக்கிக்கினு போயி செத்தான்னு ஊருக்கு எப்பிடிச் சொல்றது?"

இதை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போட மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அவருடைய மைக் பேச்சையும் என்னால் இனி போட முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். முறை இல்லாதபோதும் எழுந்து போன மனிதர். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஜூலை 25, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காதுகுத்து.

ஜூலை 28, ஞாயிறு

துணிந்துவிட்டேன். காலையில் நானே உப்புமா செய்து, அம்சா சாப்பிட்டு முடித்ததும் மைக்கை அவள் பக்கம் நகர்த்தி, நாஷ்டா என்ன என்று கேட்டேன்.

"நீங்க கிண்டுன உப்புமா. அதுல உப்பு இல்ல. மைக்க எடுங்க" என்றாள்.

ஊரெல்லாம் பலித்த வித்தை சொந்த வீட்டில் விலை போகவில்லை. ஹேமா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். சிரிக்கத்தான் செய்தாள், ஆனால் பஸ் ஏறும்போது முகம் சரியில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஜெயபால் அண்ணன் வந்தார். ஆறு பொத்தானும் பேசுகின்றன. ஏழாவதற்கு ஆளில்லை என்றால் நாட்டுப்பண்ணைப் போட்டுவிடலாமா என்று கேட்டார். பத்து நாள் பொறுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நாட்டுப்பண் விஷயத்தைக் கேட்டதும் ஹேமாவுக்கு வந்ததே கோபம். நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடமே கேட்டுவிட்டாள். மற்ற ஆறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தங்கள் மனிதரைப் பற்றிச் சிரிக்க ஒரு கதை இருக்கிறது, எனக்கு மட்டும் ஒரு படமும் ஒரு பாட்டுமா என்றாள். அம்சா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். ஹேமா மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாள்.

அவள் போன பிறகு அம்சா முருங்கைக்கீரையை முறத்தில் கொட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நானும் ஒரு கிளையை எடுத்து உருவ ஆரம்பித்தேன். அவளாகவே பேசினாள். இருபது வருஷத்தில் முதல் முறை.

கல்யாணத்துக்கு ஒரு லீவு, அப்புறம் ஒரு லீவு, இரண்டு லீவுதான் அவரோடு இருந்தது என்றாள். இரண்டாவது லீவில் பாதி நாள் கூரை வேய்வதில் போய்விட்டது. அவர் குரல் எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்தால் வரவில்லையாம்.

"பொண்டாட்டின்னு மைக்கு முன்னால உக்காந்துக்கினு, ஞாபகம் இல்லன்னு எப்பிடிங்க சொல்றது? இருக்கறதும் ரெண்டோ மூணோ. அதுவும் ஒம்போது பேர சுட்ட ஆளோட ஒட்டாது. நான் பாத்த ஆளு வேற. நான் வாயத் தொறந்தா அவரக் கொறைக்கற மாதிரி ஆயிடும்."

நான் கீரையை உருவுவதை விட்டுவிட்டேன். உள்ளே மலை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் இத்தனை வருஷம் பயந்திருக்கிறேன். பயந்தேன் என்று முன்னால் எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். அவளோ கையில் ஒன்றுமில்லையே என்று கூனிப்போய் இருந்திருக்கிறாள்.

நீ பார்த்த ஆள் எப்படி என்று கேட்டேன். ஓர் எலிக் கதையைச் சொன்னாள். கேட்டுவிட்டு, நாளைக்கு மாமா வீட்டுக்குப் போகலாம் வா என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

போகும்முன் நான் மட்டும் போய் மாமாவிடம் கேட்டேன். அம்சாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள், நான் வாக்குத் தவற மாட்டேன், ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்றேன். முறைத்தார். பிறகு கூட்டி வா என்றார்.

மாமா கேன், ஸ்டவ், டீ எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார். முடித்ததும் அம்சா அழுவாள் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"இதுதான் மாமா அவரு" என்றாள். "நான் பாத்தவரு இவருதான்."

பிறகு எலிக் கதையை அவரிடமும் சொன்னாள். கல்யாணமான புதிதில் மாமா பொறியில் ஒரு பெருச்சாளியைப் பிடித்து, தண்ணீரில் முக்கிவிட்டு வா என்று மகனிடம் கொடுத்திருக்கிறார். தணிகாசலம் புதுப்பெண்டாட்டியைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து, மடியில் எலிப்பொறியைக் கொடுத்து, ஏரிக்கு அந்தப் புறம் மாந்தோப்பு வரை மிதித்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டார். வழிக்கு ஆகட்டும் என்று அரை வடையும் போட்டாராம். அப்பாவிடம் சொல்லாதே என்று அம்சாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அவர்கள் இருவரும் முதன்முதலாக வெளியே போனது அதுதான்.

மாமா வாயைத் திறந்தபடி கேட்டார். "அதான் மறுநாளே அந்த எலி திரும்பி வந்துடிச்சி. நான் வேற எலின்னு இல்ல நெனச்சேன்" என்றார். அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்சா சிரித்து முடித்துவிட்டுத்தான் அழுதாள். மாமாவும் அழுதார். நான் போய் டீ போட்டுக்கொண்டு வந்தேன்.

டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு மாமா சொன்னார்: "கேனையும் போட்டுக்கோ மாப்ளே. ஒம்போது பேர வெட்டிடு."

ஆகஸ்ட் 8, வியாழன்

பதிவு. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மைக்கை வைத்துவிட்டு நான் வெளியே போகிறேன் என்றேன். உட்காருங்கள் என்றாள்.

எலிக் கதையை நன்றாகத்தான் ஆரம்பித்தாள். நடுவில், சைக்கிள் யாருடையது என்பதில் நின்றுவிட்டாள். ஞாபகம் வரவில்லை. என்னைப் பார்த்தாள். பச்சையப்பனுடைய சைக்கிள், பின்சக்கரத்தில் மட்கார்டு இருக்காது என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். பச்சையப்பன்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் சொன்னார், தணிகாசலம் என் சைக்கிளை வாங்கிப்போய்ச் சேறாக்கிக் கொடுத்தார் என்று.

அப்படியே போயிற்று. அவர் எந்தப் பள்ளிக்கூடம், எதற்காக எட்டாவதில் பெயிலானார், நீச்சல் எங்கே கற்றார், கபடியில் பல் உடைந்தது மேல்வரிசையா கீழ்வரிசையா, எல்லாவற்றுக்கும் அம்சா என்னையே பார்த்தாள், நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. இந்த ஊரில் எந்தக் கல்யாணத்தில் யார் அவர் பெயரை எடுத்தாலும் நான் ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து காதை நீட்டியிருக்கிறேன். போட்டியாளரைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொள்வோம் என்றுதான் ஆரம்பித்தேன். எப்போது அது அன்பாக மாறியது என்று தெரியவில்லை.

"இவரு அவரப் பாத்ததே இல்லீங்க. என்னவிட இவருக்குத்தான் தெரியுது" என்று அம்சா மைக்கிடம் புகார் சொன்னாள். உடைந்த பல் மேல்வரிசை என்றாள், நான் கீழ்வரிசை என்றேன். அந்தச் சண்டையும் பதிவாகியிருக்கிறது. ஐந்து நிமிஷம் பதினெட்டு நிமிஷம் ஆகிவிட்டது. கேனைப் பற்றி மட்டும் அவள் சொல்லவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று மைக்கை என் பக்கம் திருப்பினாள். முப்பது வருஷ மைக் தொழிலில் நான் பேசி அதில் பதிவானது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 10, சனி

ஹேமா வந்ததும் போட்டுக் காட்டச் சொன்னாள். திறப்பு விழாவில்தான் என்று பென் டிரைவை இடுப்பில் சொருகிக்கொண்டேன். சமையல் அறை வரைக்கும் துரத்தினாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

புதுச் சிக்கல். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பேசியவர் பெயரும், இறந்தவருக்கு என்ன உறவு என்பதும் எழுதிய தகடு ஒட்ட வேண்டுமாம். சம்பூரணம், மனைவி. பச்சையப்பன், தம்பி. அம்சவேணி, மனைவி. அப்புறம் நான், கன்னியப்பன்?

மனைவியின் கணவர் என்று போட முடியாது, படிக்கிறவன் மண்டையைப் பிய்த்துக்கொள்வான். நண்பர் என்று போடலாமா என்றார் ஜெயபால் அண்ணன். பார்த்தே இராதவருக்கு எப்படி நண்பர்? ஒலி அமைப்பு என்று போட்டுவிடுங்கள் என்றேன். அது உண்மைதானே. மனசில் ஒரு சின்னக் குத்தல் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. மாமாவைக் கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் போனார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையிலிருந்து ஓட்டம். கொடியேற்றம், வாழைமரம், தோரணம், பேச்சாளர்கள், எல்லாம் முடிந்து அறைக் கதவைத் திறக்கப் பதினொரு மணி ஆயிற்று. ஆறு பொத்தானும் முறையாக வேலை செய்தன. பெல்ட் கதைக்குச் சம்பூரணம் அக்கா தன் குரலுக்குத் தானே சிரித்தார்.

ஏழாவதை ஹேமா அழுத்தினாள். நான் பின்னால், ஒயர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், அதுதான் என் இடம். எலி வடையோடு மாந்தோப்புக்குப் போனபோது அறையே அதிர்ந்தது. மேல்வரிசையா கீழ்வரிசையா என்று நாங்கள் சண்டை போட்டதும், கூட்டத்தில் அவரோடு கபடி ஆடிய இரண்டு பேர் எழுந்து தனியாகச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். கேன் வந்தபோது சத்தம் அடங்கியது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். முடிந்ததும் யாரும் கேலி செய்யவில்லை. வயதான பட்டாளத்துக்காரர் ஒருவர் மட்டும் எழுந்து வந்து, அந்த மலையில் நானும் அந்த டீயைக் குடித்திருக்கிறேன் என்று சொல்லி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஹேமா பொத்தானை மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவையும் அழுத்தினாள். அவள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, "அவரும் இப்பிடித்தான், தோளக் குலுக்கிக்கினு சிரிப்பாரு" என்றாள் அம்சா. சொன்ன பிறகுதான் அது தனக்கு ஞாபகம் வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. ஹேமா அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகு நான் படத்துக்குக் கிட்டே போனேன். தகட்டில் எழுதியிருந்தது: அம்சவேணி, மனைவி. கன்னியப்பன், தம்பி.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. திரும்பினால் மாமா வாசலில் நிற்கிறார். ஜெயபால் கேட்டான், நான்தான் அப்படிப் போடச் சொன்னேன் என்றார். தணிகாசலம் இருந்தால் உன்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருப்பான், கணக்குச் சரிதானே என்றார். சமாளிக்க வேண்டுமே என்று, அப்படியானால் இனி என்னை மாப்ளே என்று எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

அவர் பந்தல் பக்கம் நடந்தார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"டேய் கன்னியப்பா, இன்னா மரம் மாதிரி நிக்கற? உங்கண்ணன் படத்துக்கு மேல மால கோணலாத் தொங்குது பாரு. அத்த சரி பண்ணிட்டு சாப்பிட வா."

சரி பண்ணிவிட்டுப் போனேன்.